மகப்பேறு உதவிப் பணத்துல பேர் இருக்கே, யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி? சட்டம் வர 17 வருஷம், வீட்டுக் கதவு திறக்க ஒரே நாள்!

சங்கராபுரம் பக்கம் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், செக்-அப்புக்கு வந்த கர்ப்பிணிகள் பேசிக்கொள்வதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா? கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் போனாலும் இதே கேள்விதான். பிக்மி நம்பர் வாங்கணும், பேங்க் பாஸ்புக் கொடுக்கணும், ஊட்டச்சத்துப் பெட்டகம் ரெண்டும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பெண்களுக்கு அவர் பெயர் ஒரு தவணைப் பணத்தின் பெயராகத்தான் தெரியும்.

அவர் டாக்டர் என்பது சிலருக்குத் தெரியும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர் என்பது இன்னும் சிலருக்குத் தெரியும். ஆனா இந்தக் கட்டுரை அவர் செய்த வேறொரு வேலையைப் பற்றியது. பாலியல் சுரண்டலில் சிக்கிய பெண்களை வெளியே கொண்டுவர ஒரு பக்கம் சட்டம், இன்னொரு பக்கம் தங்க இடம், படிப்பு, வேலை என்று ரெண்டையும் ஒரே கையில் பிடித்தவர் அவர். இன்றைக்கும் மீட்புச் சட்டங்கள் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த ரெண்டாவது பக்கத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறோம்.

புதுக்கோட்டைப் பொண்ணு

1886 ஜூலை 30. புதுக்கோட்டை சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு திருமணம் என்றால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க. அப்பா வழிச் சொந்தம் அவர்களை ஒதுக்கிவைத்தது. ஐயர் வீட்டுப் பெண் என்றும் ஏற்கவில்லை, அம்மாவின் மரபை ஊர் மறக்கவும் விடவில்லை. முத்துலட்சுமி வளர்ந்தது அந்த நடுவில்.

(சினிமா ரசிகர்களுக்கு ஒரு சின்ன தகவல்: நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை.)

பள்ளிப் படிப்பு ஒருவழியாக முடிந்தது. கல்லூரிக்குப் போக வேண்டும் என்றபோது புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் கல்லூரி மட்டும். அதில் ஒரு பெண், அதுவும் தேவதாசிக் குடும்பத்துப் பெண் சேர்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஓரங்கட்டிவிட்டு இடம் கொடுத்தார். படிக்க வந்த பொண்ணு என்ன மார்க் வாங்கினாள் என்பதை விட, அவள் அம்மா யார் என்பதுதான் அங்கே பெரிய விஷயமாக இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் பட்டம். அந்தக் கல்லூரியிலிருந்து மருத்துவம் படித்து வெளிவந்த முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். எழும்பூர் அரசு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தபோது வயது 27. பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் கல்யாணம் முடிந்துவிடும் காலம் அது. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று பேசி முடித்துக்கொண்டுதான் சம்மதித்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட திருமணம் அது. சுந்தர ரெட்டியும் பேச்சைக் காப்பாற்றினார்.

நில தானம் என்ற பூட்டு

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, தேவதாசி முறை எப்படி இயங்கியது என்று பார்த்துவிடுவோம். இது புரியாவிட்டால் முத்துலட்சுமி கொண்டுவந்த சட்டங்கள் புரியாது.

சிறுமியாக இருக்கும்போதே கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடுவார்கள். கடவுளுக்கே மனைவி என்று கணக்கு. அதன் பிறகு அவள் சட்டப்படி வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது. கோயிலில் ஆட்டம், பாட்டு, கும்ப ஆரத்தி அவள் வேலை. நடைமுறையில் ஊர்ப் பெரிய மனிதர், ஜமீன்தார், வசதியானவர் யாராவது ஒருவரின் ஆதரவில் வாழ்க்கை. இசையும் நாட்டியமும் தழைத்தது இந்தக் குடும்பங்களில்தான் என்பதில் சந்தேகமே வேண்டாம். எல்லாத் தேவதாசிகளையும் பாலியல் தொழிலாளி என்று ஒரே முத்திரை குத்துவதும் தப்பு. சொத்தும் கல்வியும் செல்வாக்கும் உள்ள பெண்கள் அவர்களில் இருந்தார்கள். ஆனா 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மன்னர்களின் ஆதரவு குறைந்து வறுமை ஏறியபோது, பொட்டுக்கட்டுதல் பல இடங்களில் சிறுமிகளை விற்கும் வழியாகச் சுருங்கிப்போனது.

அதைத் தாங்கிப்பிடித்தது எது? பக்தி என்று சொல்வார்கள். அதை விட உறுதியான காரணம் நிலம். கோயில் சேவைக்குக் கூலியாக இந்தப் பெண்களுக்கு இனாம் நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. சேவை நடந்தால்தான் நிலம். அம்மாவுக்கு வயதாகி ஆட முடியாமல் போனால் அடுத்து ஒரு பெண் அந்த இடத்துக்கு வர வேண்டும். மகள் இருந்தால் மகளுக்குப் பொட்டு, இல்லையென்றால் ஒரு குழந்தையைத் தத்தெடுத்துப் பொட்டு. மகளை விடுவித்தால் வயல் போய்விடும். வயல் இருக்கணும்னா மகளைக் கொடுக்கணும். எந்தத் தாயிடமும் போய் ஒழுக்கம் பற்றி வகுப்பெடுத்தால் இந்தப் பூட்டு திறக்குமா?

சட்டம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகள் சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றம் என்றன. 1924-இல் அந்த வயது வரம்பு 18 ஆனது. ஆனா பொட்டுக்கட்டியது அந்த நோக்கத்துக்காகத்தான் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். கோயில் சடங்கு என்று சொல்லிவிட்டால் வழக்கு நிற்பது கஷ்டம்.

அரசாங்கம் இந்தப் பெண்களுக்குச் செய்த சேவை என்று தேடினால் கிடைப்பது 1868-இன் தொற்றுநோய்ச் சட்டம். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயப் பரிசோதனை செய்து, நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி என்ற இடத்தில் அடைத்துவைத்தார்கள். 1888-இல்தான் அது ரத்தானது. அதற்கப்புறம் 1890-களில் மெட்ராஸின் படித்த கனவான்கள் கல்யாண வீடுகளில் சதிர்க் கச்சேரி வைக்க மாட்டோம் என்று புறக்கணிப்பு இயக்கம் நடத்தினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனா ஆடிச் சம்பாதித்த பெண்ணுக்கு ஆட்டம் நின்றதும் சோத்துக்கு என்ன வழி என்று அந்தத் தீர்மானங்களில் பெரிதாக எதுவும் இல்லை.

சபைக்குள் ஒரு டாக்டர்

1921-இல் மெட்ராஸ் மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. இந்தியாவின் பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுதான் முதல். ஓட்டுப் போடலாம், ஆனா சபையில் உட்கார முடியாது என்ற நிலை 1926-இல் மாறியது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். அப்போது முத்துலட்சுமி லண்டனில் பெண்கள், குழந்தைகள் நலம் பற்றி மேல்படிப்புப் படித்துவிட்டு, பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டில் இந்தியா சார்பில் கலந்துகொண்டு திரும்பியிருந்தார். இந்திய மாதர் சங்கம் அவர் பெயரைப் பரிந்துரைத்தது. நியமன உறுப்பினரானார். முதலில் தயங்கினார், டாக்டர் வேலையை விட அவருக்கு மனசில்லை. உள்ளே போனதும் சபையே ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உலகிலேயே ஒரு சட்டசபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

பெண்ணின் திருமண வயதை 16 ஆக உயர்த்த வேண்டும் என்று 1928-இல் தீர்மானம் கொண்டுவந்தார். பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்கள் குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை என்று வரிசையாகக் கேட்டார். இதெல்லாம் தனிக் கட்டுரைக்கான விஷயம். நாம தேவதாசி மசோதாவுக்கு வருவோம்.

1927 நவம்பரில் முதல் அடி. கோயில்களுக்குச் சிறுமிகளை அர்ப்பணிப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தைச் சபையில் வைத்தார், நிறைவேறியது. தீர்மானம் என்பது பரிந்துரைதான், சட்டம் ஆகாது. பிரிட்டிஷ் அரசு மத விஷயத்தில் கை வைக்கத் தயங்கியது. முத்துலட்சுமி அப்போது செய்த காரியம்தான், என் கணக்கில், அவருடைய மொத்த அரசியல் வாழ்க்கையிலும் புத்திசாலித்தனமானது. தடைச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல், முதலில் நிலத்தின் பூட்டை உடைத்தார்.

1926-இல் ஏற்கெனவே இந்து அறநிலையச் சட்டம் வந்திருந்தது. அதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இன் 5-ஆவது சட்டம் அது. சாரம் என்ன? இனாம் நிலம் வைத்திருக்கும் தேவதாசிக்கு இனி கோயில் சேவை கட்டாயம் இல்லை. நிலம் அவளிடமே இருக்கும். சேவைக்குப் பதிலாக ஒரு தொகையை வரியாகக் கட்டினால் போதும். அதாவது மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டாலும் வயல் போகாது.

இன்றைய பாஷையில் சொன்னால் இது மறுவாழ்வுப் பொருளாதாரம். தண்டனைப் பிரிவு எழுதுவதற்கு முன்னாலேயே, வெளியே வருகிற பெண் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று யோசித்த சட்டம். சத்தமில்லாமல் வந்த இந்தத் திருத்தத்தை நம் பாடப் புத்தகங்கள் பெரிசாகச் சொல்வதில்லை. ஒரு டாக்டருக்கு வலி எங்கே என்று தெரியும், வேர் எங்கே என்றும் தெரியும் போல.

1930-இல் ரெண்டு விஷயம் நடந்தது. விபசார விடுதிகளையும் பெண் கடத்தலையும் ஒடுக்கும் மெட்ராஸ் சட்டம் வந்தது. அது வரப் பாடுபட்டவர்களில் முத்துலட்சுமிக்கு முக்கியப் பங்கு உண்டு. அடுத்து, பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் சபையில் வைத்தார்.

எதிர்த்தவர்கள் யார் யார்?

சாதாரண எதிர்ப்பு இல்லை அது. காங்கிரஸின் பெரிய பேச்சாளர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். கோயில் மரபும் கலையும் அழிந்துபோகும் என்பது அவர் வாதம். சபையில் இருவருக்கும் நடந்த மோதல் பற்றிச் சமூக வலைதளங்களில் சூடான ஒரு வசனம் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பேசியவர் யார் என்பதில் ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு பெயரைப் போடுகிறது. எனவே அந்த வசனம் இந்தக் கட்டுரையில் கிடையாது, மன்னிக்கணும்.

மறுபக்கம் ஆதரவும் வலுவாக இருந்தது. காந்தி ஆதரித்தார். பெரியாரின் குடி அரசு ஆதரித்து எழுதியது. தஞ்சைப் பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தானே அந்தச் சமூகத்தில் வளர்ந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பொட்டறுக்கச் சொன்னார். பிறகு 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலையும் எழுதினார்.

ஆனா இன்னொரு எதிர்ப்பும் இருந்தது, அதைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை பாதிக் கதைதான். தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியெழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டவர்கள் சங்கம் அமைத்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்களை எல்லாரையும் விபசாரிகள் என்று சொல்லாதீர்கள், எங்கள் கலைக்கும் சொத்துரிமைக்கும் ஆபத்து வருகிறது, எங்களுக்குத் தேவை படிப்பு என்பது அவர்கள் சொன்னதன் சுருக்கம். பெண்கள் வழியாகச் சொத்து இறங்கிய குடும்பங்கள் அவை. மகளுக்குச் சொத்துரிமை என்பதே மற்ற இந்துக் குடும்பங்களில் கனவாக இருந்த காலம். அவர்களின் பயத்தில் நியாயம் இருந்தது.

முத்துலட்சுமி அந்தக் குரலுக்குப் போதுமான அளவு காது கொடுத்தாரா? எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. அவர் எழுத்தில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக வருகிறார்களே தவிர, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வேண்டியவர்களாக வருவது குறைவு. 1932-இல் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் அவருக்கும் சதிராட்டம் பற்றிப் பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. கொஞ்ச வருஷத்தில் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மரியாதையான மேடைகளுக்கு ஏறியது. அதை வளர்த்த குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலோர் அந்த மேடைகளுக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். இந்தக் கணக்கு இன்னும் தீராத கணக்கு.

அதே சமயம், புதுக்கோட்டைக் கல்லூரி வாசலில் நின்ற அந்தப் பொண்ணை மறந்துவிடக் கூடாது. தன் அம்மாவின் மரபு தன் பெயருக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். அவருக்கு இது கலை பற்றிய விவாதமாக இருந்திருக்க முடியாது.

ராஜினாமாவும், கதவைத் தட்டிய பெண்களும்

மசோதா மக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டிருந்தது. 1930 மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். தன் வாழ்க்கையின் முக்கியமான மசோதா பாதியில் கிடக்கிறது என்று தெரிந்தே போட்ட ராஜினாமா. மசோதாவும் அப்படியே கிடந்தது. சபை அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் அப்போதே எழுதி வைத்துவிட்டார்.

அதே 1930-இல்தான் அந்தச் சம்பவம். தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பொட்டுக்கட்டிக்கொள்ள மாட்டோம், படிக்கணும் என்று வீட்டை விட்டு வந்தவர்கள். சென்னையில் அப்போது பெண்கள் விடுதிகள் இருந்தன, சாதி வாரியாக. பிராமணப் பெண்களுக்கான விடுதியில் இடமில்லை என்றார்கள். பிராமணரல்லாதார் விடுதியிலும் கதவு சாத்தியது. அந்தப் பெண்களின் அம்மா யார் என்ற கேள்வி மறுபடியும் குறுக்கே வந்து நின்றது.

முத்துலட்சுமி அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வளவுதான் ஆரம்பம். கமிட்டி இல்லை, நிதி ஒதுக்கீடு இல்லை, அரசாணை இல்லை. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தங்கள் என்ன நினைக்கும் என்ற யோசனையும் இல்லை போலிருக்கிறது. அன்று அந்த வீட்டில் விரித்த பாய்தான் ஔவை இல்லம்.

ஔவையார் பெயரை வைத்ததிலேயே ஒரு சங்கதி இருக்கிறது. கல்யாணம், குடும்பம் என்ற அடையாளம் எதுவும் இல்லாமல், படிப்பால் மட்டும் தமிழ்நாடு கையெடுத்துக் கும்பிடும் ஒரு பெண். அடைக்கலம் தேடி வந்த பெண்களிடம் சாதி, அப்பா பெயர் கேட்கக் கூடாது என்பதைப் பெயர்ப் பலகையிலேயே எழுதிவைத்த மாதிரி.

அடையாறில் ஔவை இல்லம் வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகள், கைவிடப்பட்ட பெண்கள், பொட்டுக்கட்டுவதிலிருந்து தப்பி வந்தவர்கள் எல்லாருக்கும் இடம். பள்ளிக்கூடம் வந்தது. ஆசிரியர் பயிற்சி வந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மீட்கப்பட்ட பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் இன்றைக்கும் பல இடங்களில் வழக்கம். முத்துலட்சுமி அவர்களை டீச்சராகவும் நர்ஸாகவும் ஆக்க நினைத்தார். மாசச் சம்பளம் வரும் வேலை, ஊர் மரியாதை கொடுக்கும் வேலை. அம்மா யார் என்று கேட்ட அதே ஊர், தன் பிள்ளையை அந்த டீச்சரிடம் படிக்க அனுப்பும்.

ஒரு வழியாக வந்த சட்டம்

மைசூர் சமஸ்தானம் 1909-லேயே கோயில்களில் இந்த முறையை நிறுத்தியிருந்தது. பம்பாய் மாகாணம் 1934-இல் சட்டம் போட்டது. விஷயத்தை ஆரம்பித்துவைத்த மெட்ராஸ் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. சுதந்திரம் வந்த 1947-இல்தான், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக (அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள்) இருந்தபோது, தேவதாசி அர்ப்பணிப்புத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஓமந்தூரார் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரர், திண்டிவனம் பக்கம். சங்கராபுரமும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் இந்தச் சின்னப் பெருமையை அனுமதிக்கவும்.

சட்டம் என்ன சொன்னது? பெண் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி, பொட்டுக்கட்டுவது செல்லாது. ஏற்கெனவே பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம், அந்தச் சடங்கு அதற்குத் தடையில்லை. கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் ஆடுவதும் தடை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். 1930-இல் முத்துலட்சுமி வைத்த மசோதாவுக்கும் இதற்கும் நடுவே 17 வருஷம். அந்த 17 வருஷத்தில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் கணக்கு யாரிடமும் இல்லை.

கர்நாடகம் தனியாக ஒரு தடைச் சட்டம் போட 1982 ஆனது, ஆந்திராவில் 1988.

முத்துலட்சுமி அதற்குள் அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். 1923-இல் புற்றுநோயில் இறந்துபோன தங்கையின் நினைவு அவரை விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைத் தூக்கி நிறுத்தினார். 1956-இல் பத்ம பூஷண். 1968 ஜூலை 22-இல், 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

இன்றைக்கு நிலைமை என்ன?

1956-இல் நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தது. 1986-இல் அது திருத்தப்பட்டு, இப்போது நாம் ஐ.டி.பி.ஏ என்று சொல்லும் பாலியல் தொழில் தடுப்புச் சட்டமாக இருக்கிறது. விடுதி நடத்துவது, புரோக்கர் வேலை பார்ப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் குற்றம். ஆனா அதன் 8-ஆவது பிரிவு பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைக்கும் பெண்ணையும் ஆறு மாதம் வரை சிறைக்கு அனுப்ப வழி வைத்திருக்கிறது. பல வழக்குகளில் புரோக்கர் தப்பித்துவிட, பெண் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மீட்கப்பட்ட பெண்ணைப் பாதுகாப்பு இல்லத்தில் வைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வெளியே போக முடியாத பாதுகாப்பு இல்லத்துக்கும் ஜெயிலுக்கும் என்ன வித்தியாசம் என்பது அங்கே இருந்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் இதைப் பற்றிப் பேசியது. வயது வந்து, சுயசம்மதத்தோடு இருக்கும் பெண்கள் மீது போலீஸ் வன்முறை கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் மற்ற எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கும் மருத்துவ, சட்ட உதவி அவர்களுக்கும் கிடைக்கணும். பாதுகாப்பு இல்லங்களில் விருப்பத்துக்கு மாறாக அடைத்துவைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைப் பற்றி மாநிலங்கள் கணக்கெடுத்து விடுவிக்க நடவடிக்கை எடுக்கணும். இதுதான் அந்த உத்தரவின் சாரம்.

கடத்தல் என்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு பாயும். குறைந்தது 7 வருஷம் சிறை. ஏமாற்றியோ மிரட்டியோ பணம் கொடுத்தோ கூட்டிப்போயிருந்தால், அவளே சம்மதிச்சுத்தானே வந்தாள் என்ற வாதம் அங்கே எடுபடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் தண்டனை இன்னும் கூடும், போக்சோ சட்டமும் சேரும்.

கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. மலையிலிருந்து வேலைக்காக வெளியூர் போகும் குடும்பங்கள் நிறைய. மில் வேலை, வீட்டு வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி, அட்வான்ஸும் கையில் கொடுத்துக் கூட்டிப்போவது கடத்தல்காரர்களுக்கு எல்லா ஊரிலும் பழகிய வழி. அந்த வழியில் சிக்கி மீண்டு வரும் பெண்ணுக்கு அன்றைக்கே என்னென்ன கிடைக்கணும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் ராத்திரி தங்க, மாவட்டம்தோறும் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், மனநல ஆலோசனை, போலீஸ், வக்கீல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொஞ்ச நாள் தங்கி மீண்டுவர சக்தி சதன் இல்லங்கள் உண்டு. கோர்ட் வளாகங்களில் இயங்கும் சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். முக்கியமாக, நஷ்ட ஈடு. குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும் பாதிக்கப்பட்ட பெண் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். உடனடிச் செலவுக்கு இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். இந்த மனுவைப் போட வேண்டும் என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை, சொல்ல வேண்டியவர்களும் எல்லா நேரமும் சொல்வதில்லை.

பெண்கள் உதவி எண் 181. குழந்தைகள் என்றால் 1098. அவசரத்துக்கு 112. இலவசச் சட்ட உதவிக்கு 15100. நாலும் கட்டணமில்லாத எண்கள்.

ஔவை இல்லம் இன்றும் அடையாறில் இருக்கிறது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.